பெயரை வெட்டியவள்

அனுப்பர்பாளையம் புதூரில், ஒரே சுவரில் ஏழு கதவு வைத்த லைன் வீட்டில் ஐந்தாவது கதவு சத்யப்பிரியாவுடையது. வயது நாற்பத்தாறு. தனி ஆள். பனியன் கம்பெனியில் வேலை. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். சொன்னால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. ஆனாலும் வாய் வராது. அந்தப் பயம் செய்த வேலையைத்தான் சொல்லப்போகிறேன். அங்கே தைத்துக் கப்பல் ஏறும் பனியன்களின் கழுத்தில் இருக்கிற வெளிநாட்டுப் பெயரையும் மாற்றி, உல்வின் என்று வைத்திருக்கிறேன். மனிதர்களின் பெயர்களில் மட்டும் கைவைக்க மனசு வரவில்லை.

அவள் இருப்பது செக்கிங் பகுதி. தைத்து வந்த துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டை, கறை, தையல் விட்டது என்று கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலை. அதைப் பத்துப் பேர் செய்கிறார்கள். சத்யப்பிரியாவுக்கு அதற்குமேல் ஒன்று உண்டு. ஆர்டருக்கு மேல் மிஞ்சிய பனியனும், வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்று தள்ளியதும் காதர்பேட்டை வியாபாரிகளிடம் மொத்தமாகப் போகும். போகுமுன் கழுத்து லேபிளை வெட்டியாக வேண்டும். உல்வின் பெயரோடு ஒரு பனியன் நடைபாதைக் கடையில் தொங்குவதை யாராவது படம் எடுத்து அனுப்பிவிட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது.

ஒரு லேபிளை வெட்டுவதில் என்ன வித்தை இருக்கிறது என்று தோன்றலாம். மற்றவர்கள் வெட்டினால் தையலுக்குள் நூல் அகலத்துக்கு ஒரு துண்டு நிற்கும். காதர்பேட்டைக்காரர்களுக்கு அது போதும். துண்டின் நிறத்தையும் ஓரத்து நெசவையும் வைத்தே இது இன்ன பிராண்டு என்று சொல்லி, அதற்கேற்ற விலையும் சொல்வார்கள். சத்யப்பிரியா வெட்டினால் துண்டு நிற்காது. தையலில் ஒரு கண்ணியைத் தளர்த்தி, லேபிளை வேரோடு உருவி, தளர்ந்த இடத்தை நகத்தால் நீவிவிடுவாள். "சத்யாக்கா வெட்டுனா அங்க ஒரு பேரு இருந்துச்சுன்னே தெரியாதுங்க" என்று சூப்பர்வைசர் பிரதீப் முதலாளியிடமே சொல்லியிருக்கிறான். பதினெட்டு வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். அதை அவள் அடிக்கடி நினைத்துக்கொள்வாள்.

பிறந்தது சோமனூர்ப் பக்கம். அப்பா ரத்தினசாமி தறிக்காரர், கிருத்திகை தவறாமல் முருகனுக்கு விரதம் இருந்தவர். சத்யப்பிரியாவுக்கு இருபத்துமூன்றில் கல்யாணம், இருபத்தைந்தில் கோர்ட்டு, இருபத்தெட்டில் விடுதலை. குழந்தை இல்லை. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். தம்பி தீனதயாளன் கோயமுத்தூரில் இருக்கிறான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் செய்து "நல்லா இருக்கறயாக்கா?" என்பான். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு வேறு போன் வந்துவிடும்.

லைன் வீட்டின் மற்ற ஆறு கதவுகளிலும் ஒடிசாப் பையன்களும் பீகார்க் குடும்பங்களும். பார்த்தால் சிரிப்பார்கள், அக்கா என்பதற்குத் தீதி என்பார்கள், அதோடு சரி. சனிக்கிழமை வேலை முடிந்து கதவைச் சாத்தினால் திங்கட்கிழமை காலை வரை அவள் வாயிலிருந்து ஒரு சொல் வெளிவராமலே போன வாரங்கள் உண்டு. ஒரு திங்கட்கிழமை பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்ல வாயைத் திறந்தபோது குரலே வரவில்லை. கண்டக்டர் அவளை ஊமை என்று நினைத்துக் கையால் ஜாடை காட்டிக் கேட்டார். அவளும் ஜாடையிலேயே சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். இறங்கியபிறகு அழுதாள்.

அந்த வருஷம்தான் கதை எழுத ஆரம்பித்தாள். பேச ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமையைத் தள்ள வேறு வழி தெரியவில்லை. ஈரோட்டிலிருந்து வரும் 'ஆடிப்பட்டம்' என்ற மாதப் பத்திரிகை இதுவரை ஐந்தாறு கதைகளைப் போட்டிருக்கிறது, எல்லாம் இளவேனில் என்ற பெயரில். முதல் கதை வந்த சந்தோஷத்தில் தம்பிக்குச் சொன்னாள். "கோர்ட்டுக்குப் போனதே ஊருக்கெல்லாம் தெரியும். இன்னி பத்திரிகைல வேற நம்மூட்டுப் பேரு வரோணுமாக்கா?" என்றான். அதன்பிறகு யாருக்கும் சொல்லவில்லை. கம்பெனியில் தெரியாது. லைன் வீட்டில் தமிழ் படிக்கிறவர்களே இல்லை. கதைகளும் அவளைப் போலத்தான், எல்லாம் 'ஒரு நகரத்தில்' நடக்கும். ஆற்றை ஆறு என்பாள். நொய்யல் என்று எழுதக்கூடக் கூச்சம்.

இரண்டு வருஷத்துக்கு முன் கருத்தம்மா வந்தாள். முப்பத்துநாலு வயது, கமுதிப் பக்கம் கரிசப்பட்டி. பிளாட்லாக் டெய்லர், கழுத்துப் பட்டியும் கைமடிப்பும் தட்டையாகப் படிகிற மாதிரி தைக்கிற மெஷின் அது. முதல் நாள் மதியம் சாப்பாட்டு ஷெட்டில் இடம் தேடி நின்றவள், தனியாக உட்கார்ந்திருந்த சத்யப்பிரியாவின் எதிரில் தூக்குப்போணியை வைத்தாள்.

"யக்கா, இங்கன ஒக்காரலாமா?"

"உக்காருங்க கண்ணு. இதுக்கெல்லாம் கேக்கோணுமா?"

"என்னயப் போயி எதுக்குக்கா உக்காருங்க, எந்திரிங்கன்னு?"

"எங்கூர்ல எல்லாத்தையும் அப்படித்தானுங்க. வெள்ளாமைல மாடு பூந்தாக்கூட, 'அக்கட்டால போங்க சாமி'ம்போம்."

கருத்தம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து பெஞ்சு முழுவதும் திரும்பிப் பார்த்தது. தன்னால் ஒருத்தி இப்படிச் சிரித்தாள் என்பது சத்யப்பிரியாவுக்கு நம்பவே முடியாததாக இருந்தது.

அன்றிலிருந்து தினமும் மதியம் அரைமணி நேரம். கருத்தம்மா கருவாட்டுக் குழம்பு கொண்டுவருவாள், சத்யப்பிரியா பச்சைப்பயறு கடைந்து கொண்டுவருவாள், மாற்றிக்கொள்வார்கள். பேசுவதெல்லாம் கருத்தம்மாதான். ஆனால் அந்த அரைமணி நேரத்துக்காக சத்யப்பிரியா புதுச் சேலை எடுத்தாள், ஞாயிற்றுக்கிழமையே திங்கட்கிழமைக் குழம்பை யோசித்தாள். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

கருத்தம்மாவுக்கு ஒரு குறை இருந்தது. புருஷன் ராமர் அடி தாங்காமல், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்தவள் அவள். வந்த மறுவாரமே அவன் ஊரில் பரப்பிவிட்டான்: கம்பெனியாவது வேலையாவது, திருப்பூரில் எவனோடோ இருக்கிறாள். அண்ணன் ஜெயபாண்டி அதை நம்பினான். ஊருக்குள் கால் வைக்கக்கூடாது என்றுவிட்டான். அம்மா படுத்த படுக்கையாகி ஒரு வருஷம். போனை அம்மா காதில் வைக்கக்கூட அவன் விடவில்லை.

"கம்பெனில வேலை பாக்குறதுக்கு ஒரு அத்தாட்சி அனுப்பக்கூடாதுங்களா?" என்று சத்யப்பிரியா ஒருநாள் கேட்டாள்.

"எத அனுப்ப? நான் கான்ட்ராக்ட் ஆளு, எனக்குக் கார்டு கெடையாது. போன கேட்டுலயே வாங்கி வச்சுக்கிறாக, மெசினுகிட்ட ஒரு போட்டா எடுக்க முடியுதா? வெளிய நின்னு எடுத்து அனுப்புனா, கட்டடத்து முன்னாடி எவ வேணாலும் நிப்பாங்குறான். எங்கண்ணன் வாயால சொன்னா நம்ப மாட்டான்க்கா. அச்சுல இருந்தாத்தான் நம்புவான். கலியாணப் பத்திரிகைல தேதியத் தப்பா அடிச்சுட்டோம்னு வீடுவீடா வந்து சொன்னாக. பத்திரிகைல இதான போட்டுருக்குன்னு முந்துன நாளே போயி மண்டபத்துல தனியா ஒக்காந்துட்டு வந்தவன்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த கையோடு, பதினெட்டு வருஷமாகக் கம்பெனியில் யாருக்கும் சொல்லாததை சத்யப்பிரியா சொன்னாள். "நான் கதை எழுதுவனுங்க. புஸ்தகத்துல வரும்."

கருத்தம்மா சோற்றில் இருந்த கையை எடுத்துவிட்டாள். "அப்ப என்னய எழுதுங்கக்கா. எம் பேரு, எங்கூரு, நான் தைக்கிற மெசினு. இது மூணும் அப்படியே இருக்கட்டும். மத்தத நீங்க என்ன வேணா எழுதுங்க. அதுனால எனக்கு வேல போனாலும் போகட்டும்."

"இருக்குமுங்க" என்றாள் சத்யப்பிரியா.

மூன்று மாதம் எழுதினாள். அதுவரை எழுதியதெல்லாம் தண்ணீர்ப் பாலாகவும் இதுதான் கறந்த பாலாகவும் அவளுக்கே தெரிந்தது. எழுதியதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்து ஷெட்டில் மெதுவாகப் படித்துக் காட்டுவாள். கருத்தம்மா திருத்துவாள். "ஓவர்லாக் இல்லக்கா, பிளாட்லாக்." "பஸ்ஸு அருப்புக்கோட்டை வழியாத்தான் வந்துச்சு." "ராமர் பேர மட்டும் போடாதீக, அந்தாளுக்கு எதுக்குப் பெரும?" கதையின் முதல் வரி இப்படி இருந்தது: 'கமுதிப் பக்கம் கரிசப்பட்டியிலிருந்து வந்த கருத்தம்மா, திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பிளாட்லாக் மெஷினில் உட்கார்ந்து உல்வின் பனியனுக்குக் கழுத்து வைக்கிறாள்.' அடுத்த வரியில் கம்பெனியின் பெயரும் இருந்தது. கருத்தம்மா அந்த இரண்டு வரிகளையும் மனப்பாடமே செய்துவிட்டாள்.

கதை ஈரோட்டுக்குப் போனது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆசிரியர் மகுடேஸ்வரன் கூப்பிட்டார்.

"இளவேனில், இத்தன நாளா இந்தக் கைய எங்கீங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? பிரமாதமுங்க. தை மாசம் போடறேன். ஒரே ஒரு காரியம். அந்தக் கம்பெனி பேரும் பிராண்டு பேரும் வேண்டாமுங்க. நாளைக்கு ஒரு வக்கீல் நோட்டீசு வந்தா எம்பட பத்திரிகை தாங்காது. அது ரெண்ட மட்டும் மாத்திக் குடுங்க. ஊரு பேரு, ஆளு பேரெல்லாம் இருக்கட்டுமுங்க. அதுலதான் கதையே உசுரோட இருக்குது."

அவர் சொன்னது இரண்டே இரண்டு பெயர். அவருடைய பேச்சில் ஒரு குழப்பமும் இல்லை. அவள் காதிலும் சரியாகவே விழுந்தது.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கம்பெனிப் பெயரை அடித்தாள். உல்வினை அடித்தாள். முடிந்தது என்று காகிதத்தைத் தூரப் பிடித்து, வெட்டிய பனியனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். துண்டு நின்றது. அனுப்பர்பாளையம் என்று இருக்கிறதே, அங்கே ஏற்றுமதிக் கம்பெனிகள் எத்தனை இருந்துவிடும்? அனுப்பர்பாளையத்தை எடுத்தாள். பிளாட்லாக்கில் கழுத்து வைக்கிற கருத்தம்மா என்றால் கம்பெனிக்குள் ஒருத்திதான். கருத்தம்மா என்றால் அவளோடு மதியம் உட்கார்ந்து தின்கிறவள் யார் என்று பிரதீப்புக்குத் தெரியாதா? வேலைக்குச் சேர்ந்த அன்று, பிராண்டு பெயரை வெளியில் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் இன்னும் ஆபீசில் இருக்கிறது. பிளாட்லாக்கை எடுத்தாள். கருத்தம்மாவை எடுத்துச் செல்வி என்று வைத்தாள். கமுதியை எடுத்தாள், கரிசப்பட்டியை எடுத்தாள், அருப்புக்கோட்டை வழியாக வந்த பஸ்ஸைக்கூட விடவில்லை. சாயங்காலம் படித்துப் பார்த்தாள். 'தெற்கே ஒரு கிராமத்திலிருந்து வந்த செல்வி, நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள்.' சுத்தமாக இருந்தது. கை செய்த வேலையில் ஒரு திருப்திகூட வந்தது. அதற்காக அவளைத் திட்டலாம், திட்டுங்கள். எனக்கும் கோபம்தான்.

பயம் என்று மட்டும் சொன்னால் அது முழு உண்மை ஆகாது. கரிசப்பட்டி என்ற சொல்லை அடிக்கும்போது அவள் மனசின் அடியில் இன்னொன்று ஓடியது. அண்ணன் நம்பிவிட்டால் கருத்தம்மா ஊருக்குப் போவாள். போனால் அம்மா பக்கத்தில் உட்காருவாள். உட்கார்ந்தால் திரும்பி வருவாளா? திங்கட்கிழமை மதியம் எதிரில் யார் இருப்பார்கள்? அந்த நினைப்பை அவள் முழுதாக நினைத்துப் பார்க்கவில்லை. ஆனால் அடித்த கையை ஓட்டியது அதுவும்தான்.

கருத்தம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தாள். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மார்கழி முழுவதும் போயிற்று. கருத்தம்மாவோ சும்மா இருக்கவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டு, எடுத்த எடுப்பிலேயே, "தை மாசப் பொஸ்தகத்துல எம் பேரு வருது, வாங்கிப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவன் கமுதி பஸ் ஸ்டாண்டுக் கடையில் சொல்லி வைத்து, மதுரையிலிருந்து வரவழைத்து வாங்கினான். முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை படித்தான்.

மறுநாள் மதியம் கருத்தம்மா தூக்குப்போணி இல்லாமல் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணன் போன் பண்ணுச்சுக்கா. அதுல எம் பேரே இல்லையாம். பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமான்னு கேட்டுச்சு. பக்கத்துல வேற ஆளுக இருந்தாக போல. எல்லாரும் சிரிச்சாக."

"கண்ணு, கம்பெனிக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிருமுங்க. அதுக்குப் பயந்துதான்…"

"எனக்கு வேல போனாப் போகுதுன்னுதானக்கா சொன்னேன்."

"நான் உங்கண்ணங்கிட்டப் பேசறனுங்க. அது நீங்கதான்னு, எழுதுனது நான்தான்னு சொல்றேன்."

கருத்தம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது. "நீங்க யாருன்னு கேப்பானேக்கா. அதுல ஒங்க பேரும் இல்லையே."

எழுந்து போனாள். அடுத்த நாளிலிருந்து தெற்கத்திப் பெண்கள் இருக்கும் கோடி பெஞ்சில் உட்கார்ந்தாள். சண்டை போட்டிருந்தால்கூட சத்யப்பிரியாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எதிரில் வரும்போது "சாப்டீகளாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள். செக்கிங் மேசைக்கு வரும் பனியன்களில் எது கருத்தம்மா கை என்று சத்யப்பிரியாவுக்குத் தையலைப் பார்த்தே தெரியும். அவளைப் பார்க்க அது ஒன்றுதான் மிச்சம்.

ஒருமுறை கருத்தம்மா தன் போனில் சார்ஜ் இல்லாமல் சத்யப்பிரியாவின் போனிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டிருந்தாள். அந்த எண் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைத் தேடி எடுத்துக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, ஜெயபாண்டிங்களா? நான் திருப்பூர்ல இருந்து சத்யப்பிரியா பேசறனுங்க. ஆடிப்பட்டத்துல வந்துச்சுங்களே, அந்தக் கதைய எழுதுனது நான்தானுங்க. அதுல வர்ற செல்வி உங்க தங்கச்சி கருத்தம்மாதானுங்க. ரெண்டு வருசமா என் கண்ணு முன்னால பிளாட்லாக்ல உக்காந்து தெக்கறாங்க. பேர மாத்துனது என்ர தப்புங்க."



"நீங்க சொல்றது அந்தப் பொஸ்தகத்துல எங்கிட்டாச்சும் இருக்காம்மா?"

"இல்லீங்க."

"பெறகு என்ன? அது கதைதானம்மா. கதையில யாரு வேணும்னாலும் எப்படி வேணும்னாலும் இருந்துக்கிறலாம். எந்தங்கச்சிக்குத் தனக்காகப் பேசுறதுக்கு ஒங்கள மாதிரி ஆளு புடிக்கத் தெரிஞ்சிருக்கு. வையிங்க."

போன் சூடாக இருந்தது. அடுப்பில் வைத்த அரிசி குழைந்துகொண்டிருந்தது. எழுந்துபோய் இறக்கவேண்டும் என்று தெரிந்தும் எழவில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளை அவள் தனியாகக் கழித்திருக்கிறாள். அன்றுதான் தன்னைத் தானே வெறுத்துக்கொண்டு கழித்தாள்.

திங்கட்கிழமை காலை, கம்பெனி கேட்டில் போனை ஒப்படைப்பதற்கு முன் மகுடேஸ்வரனைக் கூப்பிட்டாள். கதையை மறுபடி பெயர்களோடு போட முடியுமா என்று கேட்டாள். வந்த கதையை எந்தப் பத்திரிகை மறுபடி போடும்? அவர் பொறுமையாகச் சொன்னார். பிறகு அவரே, "வாசகர் கடிதம் வேண்ணா எழுதுங்க, போட்டர்றேன்" என்றார். "ஆனா ஒண்ணுங்க. பேரும் முகவரியும் இல்லாத கடிதாசிய நாங்க போடறதில்லை. இளவேனில்னு போட முடியாது. நெசப் பேரு வேணுமுங்க. பொறவு, கம்பெனி பேரு அப்பவும் வேண்டாம்."

"சரீங்க" என்றாள்.

மாசி மாத ஆடிப்பட்டத்தில் ஐம்பத்தெட்டாம் பக்கத்தில், ஒரு பல்பொடி விளம்பரத்துக்கு மேல் அது வந்தது.

'தை இதழில் வந்த கதையை இளவேனில் என்ற பெயரில் எழுதியவள் நான். என் பெயர் சத்யப்பிரியா, சோமனூர் தறிக்காரர் ரத்தினசாமியின் மகள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறேன். செல்வி என்று நான் எழுதிய பெண்ணின் பெயர் கருத்தம்மா. கமுதி வட்டம் கரிசப்பட்டியைச் சேர்ந்தவர். என்னோடு வேலை செய்கிறார். பிளாட்லாக் டெய்லர். அவருடைய பெயரை மாற்றும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாக மாற்றினேன். அது தவறு. — ர. சத்யப்பிரியா, அனுப்பர்பாளையம் புதூர், திருப்பூர்.'

ஒரு பிரதியைக் கரிசப்பட்டிக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினாள். இன்னொன்றைக் கருத்தம்மாவின் மெஷின் மேல், அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டு வந்தாள். பிறகு பிரதீப் எப்போது கூப்பிடுவான், ஆபீசிலிருந்து எப்போது ஆள் வரும் என்று காத்திருந்தாள். ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. ஒருவரும் கூப்பிடவில்லை. கம்பெனியில் ஒரு ஆளும் அந்தப் பத்திரிகையைப் படிக்கவில்லை. அப்படி ஒன்று வருவதே அங்கே யாருக்கும் தெரியாது. அவள் பயந்தது யாருக்கு என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மூன்றாவது வாரம், மதியம், எதிரில் தூக்குப்போணி வைக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணன் கூப்டுச்சுக்கா" என்றாள் கருத்தம்மா. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "பொஸ்தகத்த எடுத்துக்கிட்டுப் போயி டீக்கடையில எல்லார்கிட்டயும் காமிச்சிருக்கான். ராமர் முன்னாடியே படிச்சிருக்கான்க்கா. அம்மா ஒன்னயத்தான் கேக்குது, வந்து பாத்துட்டுப் போன்னு சொன்னான். இன்னைக்கு ராத்திரி பஸ்ஸு. நாலு நாளு லீவு சொல்லிட்டேன்."

சத்யப்பிரியா தன் டப்பாவைத் திறந்து பச்சைப்பயற்றை முழுவதும் அவள் மூடியில் கொட்டினாள்.

"கண்ணு, கம்பெனிக்குப் பயந்து வெட்டுனேன்னு சொன்னனுங்களே, அது பாதிதானுங்க. நீங்க ஊருக்குப் போயிட்டா திரும்பி வரமாட்டீங்கன்னும் பயமா இருந்துச்சு. அதனாலயும்தான் வெட்டுனேன்."

கருத்தம்மா மூடியை நடுவில் நகர்த்தி, "நீங்களும் திங்கக்கா" என்றாள். "நாலு நாளுதான். எங்க போயிறப் போறேன்?"

நாலு நாள் எட்டு நாளானது. எட்டு நாள் பதினைந்தானது. பிளாட்லாக்கில் பிரதீப் வேறு ஆளை உட்காரவைத்தான். பதினெட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை பகலில், போன் வந்தது.

"யக்கா, நான்தான். அம்மாவுக்கு இப்பத்தான் ஒரு வாயி கஞ்சி எறங்குது. நான் ஊட்டுனாத்தான் குடிக்கிது. என்னய விட்டா அதுக்கு ஆளில்ல. அண்ணன் இங்கயே ஒரு தையல் மெசினு பாத்துத் தாரேங்குது. நான் வரலக்கா. கோவிச்சுக்கிறாதீக."

"இதுல கோவிச்சுக்கறதுக்கு என்ன இருக்குது? அம்மாளப் பாத்துக்கங்க. அதுதானுங்க முக்கியம்."

"ஊருல எல்லாரும் ஒங்களத்தான் கேக்குறாகக்கா. யாரு அந்த சத்யப்பிரியா, அந்தம்மா எப்படி இருக்கும், ஒனக்கு என்ன வேணும்னு வீட்டுக்கு வீடு கேக்குறாக. நான் என்ன சொல்லட்டும்?"

அவள் பெயரை ஒரு ஊரே சொல்கிறது. இந்த லைன் வீட்டில் அவள் பெயர் தெரிந்த ஒரு ஆள் இல்லை. சத்யப்பிரியாவுக்குப் பேச்சு வருவதற்குள் கருத்தம்மா இரண்டு தரம் "யக்கா, யக்கா, லைன்ல இருக்கீகளா?" என்று கேட்டுவிட்டாள்.

"இருக்கறனுங்க" என்றாள். "கூட உக்காந்து சோறு உண்டவங்கன்னு சொல்லுங்க கண்ணு."